தம்பி குண்டாஸில், கையில் கறுத்துப்போன ஜெராக்ஸ்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா இல்லாத குடும்பம். அக்கா தையல் வேலை செய்கிறார். தம்பிக்கு வயது 23, எட்டாம் வகுப்போடு நின்றவர், குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டுகிறார். மாரியம்மன் கோயில் பொங்கலில் நடந்த அடிதடியில் ஒருவருக்குத் தலையில் காயம். கொலை முயற்சி வழக்குப் போட்டுத் தம்பியைக் கைது செய்தார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடியானது. அடுத்த மனு போடுவதற்குள், கைதான 24-ஆம் நாள், சிறைக்குள்ளேயே குண்டர் தடுப்புக் காவல் ஆணையைக் கொடுத்துவிட்டார்கள். 2022-லும் 2023-லும் பதிவான இரண்டு பழைய அடிதடி வழக்குகளையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆணை கொடுத்து 26 நாளாகிறது.

ஆணையோடு 148 பக்கத்தில் ஒரு கட்டு. அதில் 57 முதல் 59 வரையுள்ள பக்கங்கள் ஒரே கறுப்பு, ஓர் எழுத்தும் தெரியவில்லை. 90-க்கு அடுத்து 97 வருகிறது. காயம்பட்டவரின் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேறு யாருக்கோ கிடைத்த ஒரு ஜாமீன் உத்தரவும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. “எல்லாப் பக்கமும் பெற்றுக்கொண்டேன், தமிழில் படித்துக் காட்டினார்கள், புரிந்துகொண்டேன்” என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். தம்பி பள்ளிக்கூடத்தில் பழகியபடி ஆங்கில எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்காவின் கேள்விகள்: கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்ததா? ஸ்டேஷனில் “ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிக்கோங்க” என்றார்கள், போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது, காத்திருக்கலாமா? ஒரு வக்கீல், “பேப்பர் கேட்காதீங்க, கேட்டா உஷாராயிடுவாங்க” என்கிறார். இன்னொருவர், “போர்டில் நானே வாதாடி எடுத்துவிடுகிறேன்” என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? குண்டாஸில் இருக்கும்போது ஜாமீன் போடவே முடியாதாமே? ஆணை ரத்தானால் தம்பி அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாரா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல், கோயில் திடலில் யார் முதலில் கை வைத்தார்கள் என்பதுதான் இருக்கிறது. அது உங்கள் மனதை அரிக்கிறது, புரிகிறது. ஆனால் அது கொலை முயற்சி வழக்கு விசாரணைக்கு வரும்போது பேச வேண்டிய விஷயம். தடுப்புக் காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனால், “உன் தம்பி அடித்தானா இல்லையா” என்று நீதிபதிகள் சாட்சி விசாரிக்க மாட்டார்கள். ஆணை போட்ட விதம் சரியா, சட்டம் கொடுக்கச் சொன்னதைக் கொடுத்தார்களா, கொடுக்கச் சொன்ன நாளுக்குள் கொடுத்தார்களா என்று பார்ப்பார்கள். அதனால் உங்களுக்கு இப்போது உதவப்போவது, கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலு வரிதான்: கறுத்த பக்கம், விட்டுப்போன எண், ஆங்கிலச் சீட்டு, ஆங்கில உத்தரவு.

முதலில் இது என்ன சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். குண்டாஸ் என்று நாம் சொல்வது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களில் தொடங்கி மணல் கடத்துபவர், பாலியல் குற்றவாளி, திருட்டு வீடியோ போடுபவர் வரை ஒவ்வொரு திருத்தத்திலும் ஆள் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஓர் ஆங்கில எழுத்தாக, ஆணையின் தலைப்பில் பி.சி.டி.எஃப்.ஜி.ஐ.எஸ்.எஸ்.எஸ்.வி. என்கிற மாதிரி நீளத்துக்கு ஓடுகிறது. உங்கள் தம்பியின் ஆணையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அது இருக்கும், பயந்துவிடாதீர்கள். இது தண்டனைச் சட்டம் அல்ல. “இவர் வெளியே இருந்தால் இனிமேலும் செய்வார்” என்று மாவட்ட ஆட்சியரோ, மாநகரமாக இருந்தால் காவல் ஆணையரோ மனநிறைவு கொண்டு, விசாரணையில்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்க இடம் கொடுக்கும் சட்டம்.

விசாரணை இல்லை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் சுருங்கிவிடுகிறது. இத்தனையும் பறிபோன பிறகு கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 22(5)-ஆவது பிரிவு அது: எதற்காக அடைத்தோம் என்ற காரணங்களைச் சொல்ல வேண்டும், அதற்கு எதிராக முறையிடக் கூடிய சீக்கிரம் வாய்ப்புத் தர வேண்டும். காரணத்தைப் படிக்க முடியாதவன் எதை எதிர்த்து முறையிடுவான்? ஆவணங்கள் கேட்கும் உரிமை முளைத்தது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

உச்ச நீதிமன்றம் 1980-இல் இச்சு தேவி வழக்கில் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. காரணங்கள் என்றால் தட்டச்சு செய்த அந்த நாலைந்து தாள் மட்டும் இல்லை. எந்தெந்த ஆவணங்களை நம்பி ஆணை போட்டார்களோ அவையும் காரணங்களின் பகுதி. அடைக்கப்பட்டவர் கேட்டால்தான் கொடுப்போம் என்று சொல்ல முடியாது, கேட்காமலே கொடுக்க வேண்டும். எப்போது? நம் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, ஆணையின் கீழ் அடைத்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள். கைதான நாளிலிருந்து எண்ணாதீர்கள். நீங்கள் கடிதம் முழுக்க அப்படித்தான் எண்ணியிருக்கிறீர்கள், எல்லாக் கணக்கும் 24 நாள் தள்ளிப்போயிருக்கிறது. சிறையில் ஆணையைக் கையில் கொடுத்த தேதிதான் உங்களுக்கு முதல் நாள்.

கட்டை எப்படிப் படிப்பது

கோர்ட்டில் அந்த 148 பக்கக் கட்டுக்கு ‘புக்லெட்’ என்று பெயர். ஆவணங்கள் உங்கள் தம்பிக்கு உரியவை. அதனால்தான் “வீட்டுக்குத் தர மாட்டோம்” என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துத் தன் குடும்பத்துக்கோ வக்கீலுக்கோ புக்லெட்டை அனுப்பிவைக்கலாம், வழக்கமாக நடப்பதுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மனு பார்க்க, அதாவது சிறையில் தம்பியைச் சந்திக்க, போனபோது புரட்டிப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது போதாது, கட்டு கைக்கு வர வேண்டும்.

வந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். முதலில் காரணங்கள் எழுதிய தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஓர் ஆவணத்தின் பேச்சு வரும் இடத்திலெல்லாம் அடிக்கோடு போடுங்கள். எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), சாட்சிகளின் வாக்குமூலம், கைதுத் தகவல், ரிமாண்ட் உத்தரவு, ஆஸ்பத்திரியில் எழுதிய ஏ.ஆர். காப்பி (நீங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எழுதியது), பழைய இரண்டு வழக்கின் தாள்கள் என்று ஒவ்வொன்றாக வரும். பழைய வழக்குகளை ‘அட்வர்ஸ் கேஸ்’ என்றும், கடைசியாக நடந்ததைக் ‘கிரவுண்ட் கேஸ்’ என்றும் வக்கீல்கள் சொல்வார்கள். அடிக்கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே அது புக்லெட்டில் எத்தனையாவது பக்கம், தெளிவாக இருக்கிறதா, ஆங்கிலமா தமிழா, ஆங்கிலம் என்றால் பின்னாலேயே தமிழாக்கம் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டு மணி நேர வேலை. பழக்கப்பட்ட வக்கீல் அலுவலகத்தில் ஜூனியர் செய்வதும் இதேதான், ரகசியம் ஒன்றுமில்லை.

எல்லாத் தாளுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆணை போட்டவர் நம்பிய ஆவணம் ஒன்று, போகிறபோக்கில் பெயர் மட்டும் வந்துபோகும் ஆவணம் இன்னொன்று. நம்பிய ஆவணம் கொடுக்கப்படவில்லை என்றால் அதுவே போதும், “இதனால் எனக்கு என்ன பாதிப்பு” என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பெயர் மட்டும் வந்துபோகும் ஆவணமாக இருந்தால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அது இல்லாததால் முறையீடு எப்படி முடங்கியது என்றும் காட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் 1999-இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வகுத்துச் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து இதே குண்டர் சட்டத்தின் கீழ் போன ஒரு வழக்கில்தான். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ரிமாண்ட் தொடர்பான ஓர் ஆங்கிலத் தாளின் தமிழாக்கம் கொடுக்கப்படவில்லை. கொடுக்காதது முறையிடும் உரிமையைப் பாதித்தது என்று காவல் ரத்தானது.

உங்கள் தம்பியின் தாள்களுக்கு வருவோம். விட்டுப்போன 91 முதல் 96 வரை என்ன இருந்தது என்று தெரியாமல் அடித்துச் சொல்ல முடியாது. சில சமயம் எண் போட்டவரின் கைத்தவறாகவும் இருக்கும், புக்லெட்டின் முதலில் உள்ள அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும். 57 முதல் 59 வரை என்ன ஆவணம் என்பதையும் அட்டவணையே சொல்லும். காரணங்களில் பெயர் சொல்லி நம்பியிருக்கும் வாக்குமூலமாக இருந்தால், படிக்க முடியாத நகல் கொடுத்ததும் கொடுக்காததும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். உச்ச நீதிமன்றமும் நம் உயர் நீதிமன்றமும் கறுத்த நகலுக்காக ஆணைகளை ரத்து செய்திருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டு டாக்டரின் ஆங்கிலக் கையெழுத்தில் இருக்கிறது. எனக்கே பாதி புரியாது, எட்டாம் வகுப்புப் படித்தவருக்கு அது எந்த மொழியானாலும் ஒன்றுதான். காயம் எவ்வளவு என்று சொல்லும் ஒரே தாள் அது என்பதால் அதன் தமிழாக்கம் முக்கியம்.

ஆனால் நான் முதலில் கை வைப்பது நீங்கள் பொருட்படுத்தாத அந்த ‘வேறு யாருக்கோ கிடைத்த ஜாமீன் உத்தரவு’ மேல்தான்.

யாரோ ஒருவரின் ஜாமீன் ஏன் புக்லெட்டில் இருக்கிறது?

உங்கள் தம்பி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். உள்ளே இருப்பவரை எதற்குத் தடுத்துவைக்க வேண்டும்? “இவர் ஜாமீனில் வெளியே வந்துவிடக்கூடும்” என்றால்தான் ஆணைக்குப் பொருள் உண்டு. அதைக் காட்டத்தான், “இதே மாதிரி வழக்கில் இன்னாருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது, ஆகவே இவருக்கும் கிடைக்கும்” என்று வேறொரு வழக்கின் உத்தரவை இணைக்கிறார்கள். இதற்கு ‘சிமிலர் கேஸ்’ என்று பெயர். ஆணை போட்டவர் நேரடியாக நம்பிய ஆவணம் இது. தமிழாக்கம் இல்லாமல் கொடுத்தது சின்னக் குறை இல்லை.

மொழியோடு நிறுத்திவிடாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று வக்கீலைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வழக்கு உண்மையிலேயே உங்கள் தம்பியின் வழக்கு மாதிரிதானா? அங்கே காயம் லேசாக இருந்திருக்கலாம், குற்றப்பத்திரிகை நாள் தவறியதால் தானாகக் கிடைத்த ஜாமீனாக இருக்கலாம். அப்படியென்றால் ஒப்பீடே விழுந்துவிடும். இந்த ஒரு புள்ளியில் மட்டும் விழுந்த ஆணைகள் நம் உயர் நீதிமன்றத்தில் ஏராளம். அதோடு, ஆணை போட்ட நாளில் ஜாமீன் மனு எதுவும் நிலுவையில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் இதைத்தான் எடுத்துக்கொண்டது: ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வந்துவிடுவார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சாதாரணச் சட்டமே போதும் என்ற இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தள்ளுபடியான மனுவின் நகலும் உத்தரவும் புக்லெட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஜாமீன் மனுவும் அதன் மீதான உத்தரவும் முக்கிய ஆவணங்கள், மறைக்கக் கூடாதவை.

கையெழுத்துப் போட்டதால் கதவு மூடிவிடவில்லை

சிறையில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாதவர் யார்? “படித்துக் காட்டினோம்” என்ற வாதம் பழையது. 1962-லேயே மகாராஷ்டிரத்திலிருந்து போன ஹரிகிசன் வழக்கில், காரணங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, காவல் அதிகாரி இந்தியில் விளக்கிச் சொன்னார், அது போதாது என்றது உச்ச நீதிமன்றம். நூறு பக்கத்துக்கு மேல் உள்ளதை ஒரு தடவை வாயால் கேட்டு யார் மனதில் வைத்துக்கொள்ள முடியும்? 1981-இல் குஜராத்தி மட்டும் தெரிந்த ஒருவரின் வழக்கிலும் இதே முடிவுதான். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறார், ஆகவே ஆங்கிலம் தெரியும் என்ற வாதத்தை 1980-இல் வந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தம்பியின் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள், தமிழ்வழிப் படிப்பு என்று அதில் இருக்கும்.

பொது நலன் கருதி வெளியிடக் கூடாத விவரங்களை, உதாரணமாக ரகசியத் தகவல் சொன்னவரின் பெயரை, அவர்கள் மறைக்கலாம். 22(6) அதற்கு இடம் கொடுக்கிறது. கறுத்த ஜெராக்ஸுக்கு அந்தக் குடை கிடையாது.

கேட்பதா, மறைப்பதா?

“கேட்காதீங்க” என்று சொன்ன வக்கீலின் யோசனையை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்: குறையைக் காட்டிக்கொடுத்தால் சரிசெய்துவிடுவார்கள், பிறகு உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் வைத்து அடிக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. இனிமேல் அவர்கள் பளிச்சென்று நகல் கொடுத்தாலும் முன்பு கொடுக்காத குறை அழியாது. மாறாக, பெயர் மட்டும் வந்துபோகும் ஆவணங்களுக்கு நீங்கள் கேட்டேயிருக்க வேண்டும். கேட்காமல் நீதிமன்றத்துக்குப் போனால் அரசு வழக்கறிஞரின் முதல் பதில், “இன்றுவரை ஒரு கடிதம்கூடப் போடவில்லையே” என்பதாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டுப் பதில் வராமல் போனாலோ, தாமதமாக வந்தாலோ, அது உங்களுக்குக் கிடைத்த இன்னொரு ஆயுதம்.

எழுதுவதற்குப் படிவம் எதுவும் வேண்டாம், தமிழில் வெள்ளைத்தாளில் எழுதலாம். சுற்றி வளைக்காதீர்கள். “எனக்குக் கொடுத்த புக்லெட்டில் 57, 58, 59 ஆகிய பக்கங்கள் படிக்க முடியவில்லை. 90-க்கு அடுத்து 97 உள்ளது, இடையில் உள்ள பக்கங்கள் தரப்படவில்லை. இன்ன பக்கங்களில் உள்ள ஏ.ஆர். காப்பி, ஜாமீன் உத்தரவு ஆகியவை ஆங்கிலத்தில் உள்ளன, எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இவை இல்லாமல் என்னால் முறையான மனு அளிக்க இயலவில்லை. தெளிவான நகலும் தமிழாக்கமும் தந்து, என் காவலை ரத்து செய்யக் கோருகிறேன்.” இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெறும் நகல் கேட்ட கடிதமாகிவிடும், முறையீடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தம்பி கையெழுத்திட்டு ஒன்று சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகப் போகட்டும், தேதி போட்ட ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். அதையே நீங்களும் தனியாக, தலைமைச் செயலகத்தில் உள்ள உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கும், நீங்கள் ‘போர்டு’ என்று எழுதிய அறிவுரைக் குழுமத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சிறையை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் ஜசீலா ஷாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் முன் வந்த கதையில், சிறையிலிருந்து சாதாரணத் தபாலில் அனுப்பிய மனு போய்ச் சேரவே இல்லை, ஒன்பது மாதம்போல ஓடிவிட்டது. மின்னஞ்சல் காலத்தில் இப்படியா என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். நம்பிய வாக்குமூலங்களைத் தராததும் அந்த வழக்கில் சேர்ந்துகொண்டது, காவல் ரத்தானது. மனு கிடைத்த நாளிலிருந்து அதை எத்தனை நாள் மேசையில் போட்டு வைத்தார்கள் என்பதையும் நீதிமன்றம் நாள் நாளாக எண்ணும். அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று ஐந்து நாள் தாமதத்துக்குச் சொன்ன சமாதானத்தை ஏற்காமல் ஆணை ரத்தானது ஒரு பழைய தமிழ்நாட்டு வழக்கில். ஆகவே தபால் ரசீதை நூறு ரூபாய் நோட்டு மாதிரி பத்திரப்படுத்துங்கள்.

ஆட்சியருக்கு அனுப்ப வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆணை போட்டவரிடமே முறையிடும் உரிமை உண்டு, ஆனால் அவர் போட்ட ஆணைக்கு அரசு ஒப்புதல் தரும் வரைதான். அதற்குக் கெடு 12 நாள், அது முடிந்துவிட்டது. அந்த உரிமை இருக்கிறது என்று ஆணையில் தம்பிக்குச் சொன்னார்களா என்று மட்டும் பாருங்கள், சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு குறை.

ஆர்.டி.ஐ.க்காகக் காத்திருக்காதீர்கள். அதன் சாதாரணக் கெடுவே 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம் என்று 7(1)-ஆவது பிரிவில் இருக்கிறது, உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடவில்லை என்று தெரிகிறது. எப்படியானாலும், தானாகக் கொடுத்திருக்க வேண்டியதைப் பத்து ரூபாய் கட்டிக் கேட்க வைத்ததே தவறு. வந்தால் வரட்டும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அறிவுரைக் குழுமமும் அந்தத் தொகையும்

‘போர்டு’ என்று நீங்கள் எழுதியது அறிவுரைக் குழுமத்தை. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர், இருந்தவர் அல்லது அதற்குத் தகுதியுள்ளவர் என மூன்று பேர். காவலில் வைத்த மூன்று வாரத்துக்குள் விஷயம் அவர்களிடம் போக வேண்டும், ஏழு வாரத்துக்குள் அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று வாரத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. நேரில் பேச விரும்புவதாகத் தம்பி எழுதிக் கொடுத்தால் அவரைக் கேட்டாக வேண்டும், எழுதச் சொல்லுங்கள்.

அங்கே வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. ஏ.கே. ராய் வழக்கில் 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வக்கீல் அல்லாத ஒரு நண்பரையோ உறவினரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும், அரசுத் தரப்பு வக்கீலையோ சட்ட ஆலோசகரையோ கொண்டுவந்தால் இவருக்கும் அந்த வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆக, “நானே போர்டில் வாதாடி எடுத்துவிடுகிறேன்” என்று தொகை சொன்னவருக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்கே தெரியும். துணைக்கு நீங்களே போகலாம். திடலில் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையெல்லாம் சொல்ல அது தோதான இடம். ஓர் அடிதடி சட்டம் ஒழுங்குப் பிரச்சினை மட்டும்தானா, ஊரின் பொது அமைதியையே குலைத்ததா என்பதுதான் இந்தச் சட்டத்தில் கேள்வி. கூட்டம் சிதறி ஓடியது, கடைகள் சாத்தப்பட்டன என்று காரணங்களில் எழுதியிருந்து, அன்று இரவு சாமி புறப்பாடு வழக்கம்போல நடந்திருந்தால், அதைச் சொல்லுங்கள்.

குழுமம் முடியும் வரை உயர் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று எதுவும் இல்லை. அடைத்தது செல்லாது, விடுவியுங்கள் என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவை நீங்களோ அம்மாவோ மதுரைக் கிளையில் போடலாம். முறையீட்டை அனுப்பிச் சில நாள் விட்டுப் போடுவது நல்லது. விசாரணைக்கு வர மாதங்கள் ஆகலாம், அந்தக் காத்திருப்புக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பணத்துக்கு நகையைத் தொடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், அல்லது உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம்.

ரத்தானால் அன்றே வருவாரா?

வர மாட்டார். சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தம்பியைப் பிடித்திருப்பது இரண்டு கயிறு. குண்டாஸ் ஒன்று, கொலை முயற்சி வழக்கின் ரிமாண்ட் இன்னொன்று. ஒன்றை அறுத்தால் மற்றது தளராது. இந்த இடத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. குண்டாஸை உடைக்க ஓடிக்கொண்டே இருப்பார்கள், ரத்தாகும் நாளில் பார்த்தால் வழக்கில் ஜாமீன் வாங்கியிருக்க மாட்டார்கள்.

குண்டாஸில் இருக்கும்போது ஜாமீன் போட முடியாது என்பது தவறு. தாராளமாகப் போடலாம். எப்போது போடுவது என்பதில்தான் யோசனை வேண்டும். ஆணை போட்ட நாளில் மனு நிலுவையில் இல்லை என்பது இப்போது உங்களுக்குச் சாதகம். அந்த நாளின் நிலைமை இனி மாறாது, இப்போது மனு போடுவதால் அது கெடாது. இன்னொன்று, கைதாகி இன்றைக்கு 50 நாள். காயத்தோடு கூடிய கொலை முயற்சி ஆயுள் வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் குற்றப்பத்திரிகைக்குக் கெடு, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாள். 91-ஆம் நாள் காலையில் வக்கீல் கோர்ட்டில் விசாரிக்கட்டும். குற்றப்பத்திரிகை வந்திருக்காவிட்டால் ஜாமீன் கேட்பது தம்பியின் உரிமையாகிவிடும், அன்றே மனுப் போட வேண்டும். ஒரு நாள் தூங்கினாலும் அவர்கள் தாக்கல் செய்துவிடுவார்கள், அந்த உரிமை போய்விடும். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

ரத்தான பிறகு அதே காரணங்களுக்காக மறுபடியும் அடைக்க முடியாது, புதிதாக ஏதாவது நடந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் திடலில் அடிபட்டவர் வீட்டுப் பக்கம் தம்பி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று இப்போதிருந்தே சொல்லி வையுங்கள். பக்கம் தவறிய ஒரு புக்லெட்டால் குண்டாஸ் போகலாம், மூன்று வழக்கும் அப்படியே நிற்கும், அவற்றை நடத்தித்தான் முடிக்க வேண்டும்.

அடுத்த மனு நாள் வியாழக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்குத் தம்பி எழுத வேண்டியவை மூன்று: புக்லெட்டை உங்களிடம் கொடுக்கக் கோரும் மனு, அரசுக்கான முறையீடு, குழுமத்தில் நேரில் பேச விரும்பும் கடிதம். மூன்றையும் நீங்களே தமிழில் எழுதி எடுத்துப் போனால் அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். இந்தத் தடவை தமிழில் போடச் சொல்லுங்கள்.